ஒலியால் மீகடத்தியைத் தட்டிப் பார்ப்பது: முதல் ஒட்டு முதல் கடைசி எதிரொலி வரை

பொங்கலுக்கு முந்தைய வாரம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் மண்பானை வாங்குகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். பானையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையின் விரல்முட்டியால் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் வாங்குவார்கள். சத்தம் அடங்கி ஒலித்தால் பானை திரும்ப அடுக்குக்கே போய்விடும். கண்ணுக்குத் தப்பிய விரிசலைக் காது பிடித்துவிடுகிறது.

மீகடத்திகளை, அதாவது மிகக் குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களை, ஒலியால் ஆராய்வதும் இந்த வேலைதான். பானைக்குப் பதில் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய படிகம். விரல்முட்டிக்குப் பதில் நொடிக்கு 3 கோடி முறை அதிரும் ஒரு சின்னத் தகடு. படிகத்தில் ஒட்டிய அந்தத் தகடு அனுப்பும் ஒலி மறுமுனையில் பட்டு எதிரொலியாகத் திரும்பி வரும், அதைத்தான் கேட்கிறோம். மின்தடையை அளந்தே மீகடத்தியைக் கண்டுபிடித்தார்கள்: 1911இல் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது மின்தடை காணாமல் போனது. ஆனால் மின்தடை சுழியான பிறகு அந்தக் கருவி சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஒலி அப்படி நின்றுவிடாது. மீகடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலைக்குக் (சுருக்கமாக மாறுநிலை) கீழே எவ்வளவு இறங்கினாலும் அது பொருளின் உள்ளே புகுந்து, எலக்ட்ரான்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதுவும் எந்தத் திசையில் கேட்கிறோமோ அந்தத் திசைக்கான பதிலைச் சொல்லும்.

இங்கே நாம் இயற்பியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடத்தில், எதிரொலி ஏன் மறைந்தது என்று பக்கத்தில் நிற்கும் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்கும்போது எனக்குத் தமிழ்தான் வருகிறது. அந்த விளக்கங்களைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவரும் பல்கலைக்கழக முதலாண்டு மாணவரும் பின்தொடரலாம். குளிர்விப்புக் கருவி மட்டும் ஓர் ஆய்வுக்கூடத்தில்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய வேலைகளில் பாதியைச் சாதாரண மேசையிலேயே பழகிவிடலாம்.

ஒலி நமக்குத் தரும் இரண்டு எண்கள்

முதல் எண் வேகம். பொருள் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஒலி ஓடும். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அடர்த்தியாலும் பெருக்கினால் விறைப்பின் அளவான மீட்சிக் குணகம் கிடைக்கும்.

இரண்டாவது எண் தணிவு. ஒலி போகிற வழியில் எவ்வளவு வலுவிழக்கிறது என்பது. தூய உலோகத்தை நன்றாகக் குளிர்வித்தால், அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும் அணிக்கோவையின் அதிர்வுகள் அடங்கிவிடும். அப்போது ஒலியை உறிஞ்சுவதில் பெரும்பங்கு எலக்ட்ரான்களுடையது. மீகடத்தி நிலைக்குப் போனதும் அவை ஜோடி சேர்ந்துவிடுகின்றன. ஒரு ஜோடியைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் மெகாஹெர்ட்ஸ் ஒலியிடம் இல்லை. எனவே ஒலி தடையில்லாமல் போகிறது, தணிவு சரிகிறது. ஈயத்தில் இதை 1954இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த போமெல் அளந்து காட்டினார். ஏன் இப்படி என்பதற்கு அப்போது சரியான விளக்கம் இல்லை.

விளக்கம் 1957இல் வந்தது. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரின் கோட்பாடு, சுருக்கமாகப் பி.சி.எஸ். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அதே காலத்தில் ஹெபல், ஸ்லிக்டர் இருவரும் அலுமினியத்தில் அணுக்கரு காந்த ஒத்ததிர்வை அளந்தார்கள். மாறுநிலைக்குச் சற்றுக் கீழே அணுக்கருக்கள் தளர்வுறும் (கிளப்பிவிட்ட நிலையிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பும்) வீதம் குறையாமல் முதலில் ஏறியது, பிறகே இறங்கியது. ஒலித் தணிவோ மாறுநிலையைத் தாண்டிய உடனே விழுகிறது. இரண்டுமே எலக்ட்ரான்களைத்தான் தொடுகின்றன. ஒன்று ஏறுகிறது, மற்றொன்று இறங்குகிறது. எலக்ட்ரான்களைத் தனித்தனித் துகளாக மட்டும் நினைத்தால் இந்த முரண் தீராது. ஜோடி சேர்ந்தவை என்று எடுத்துக்கொண்டால், ஒலிக்குப் பங்களிப்புகள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன, காந்தத்துக்குக் கூட்டிக்கொள்கின்றன. பி.சி.எஸ். கோட்பாட்டை மக்கள் நம்பத் தொடங்கியதற்கு இந்த ஒற்றை முரண் பெரிய காரணம்.

முதல் மாதிரி: நையோபியம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெயர் பெற்ற புதுப்பொருளை எடுத்துக்கொண்டு வருவார்கள். வேண்டாம். முதல் அளவீட்டுக்கு நையோபியம் ஒற்றைப் படிகம் எடுங்கள். காற்றில் கெடாது, மாறுநிலை 9.2 கெல்வின், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.57 கிராம். எல்லா எண்களும் முன்பே தெரிந்தவை என்பதால், உங்கள் கருவி பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

தூய்மையை விசாரித்து வாங்குங்கள். அறை வெப்பநிலை மின்தடைக்கும் உறைகுளிர் மின்தடைக்கும் உள்ள விகிதம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. அழுக்கான உலோகத்தில் எலக்ட்ரான்கள் கொஞ்ச தூரம்கூட ஓடமுடியாமல் மோதிக்கொள்வதால் அவை உறிஞ்சும் ஒலி மிகக் குறைவு. அதில் தணிவு சரிவதைத் தேடினால் ஏமாற்றம்தான்.

நீளம் 5 மில்லிமீட்டர் போதும். எதிரெதிர் முகங்கள் இரண்டும் படிகத்தின் ஓர் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். படிக அச்சின் திசையைக் காட்டும் எக்ஸ்-கதிர் லாவே படம் எடுத்து அச்சைக் கண்டுபிடித்துவிட்டு வெட்டுங்கள்.

அடுத்தது தேய்ப்பு. முகங்கள் இணையாக இல்லையென்றால் அலையின் ஒரு ஓரம் முன்னாலும் மறு ஓரம் பின்னாலும் வந்து சேர்ந்து ஒன்றையொன்று கெடுக்கும். நையோபியத்தில் 30 மெகாஹெர்ட்ஸ் நெட்டலையின் (ஓடும் திசையிலேயே முன்னும் பின்னும் அதிரும் அலை) அலைநீளம் ஏறக்குறைய 180 மைக்ரான். 150 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் 36 மைக்ரான்தான். ஐந்தாவது எதிரொலி பத்து முறை மாதிரியைக் குறுக்கே கடந்து வருகிறது, பிழையும் கூடவே பெருகுகிறது. எனவே ஒரு முகத்தின் ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் தடிமன் வேறுபாடு ஒன்றிரண்டு மைக்ரானுக்குள் நிற்கும் வரை தேயுங்கள். நையோபியம் மென்மையான உலோகம், தேய்ப்புத்தூள் அதில் பதிந்துகொள்ளும். அழுத்தாமல், பொறுமையாக, அடிக்கடி கழுவிக் கழுவித் தேய்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்க இதற்கே போகும்.

டிரான்ஸ்டியூசர்

மின்துடிப்பை ஒலியாகவும் ஒலியை மின்துடிப்பாகவும் மாற்றும் மெல்லிய தகடு இது. லித்தியம் நையோபேட் நல்ல தேர்வு. 36 டிகிரி ஒய்-வெட்டு என்று கேட்டால் நெட்டலை தருவது, 41 டிகிரி எக்ஸ்-வெட்டு என்று கேட்டால் குறுக்கலை (ஓடும் திசைக்குப் பக்கவாட்டில் அதிரும் அலை) தருவது கிடைக்கும். 30 மெகாஹெர்ட்ஸ் நெட்டலைத் தகட்டின் தடிமன் 120 மைக்ரான் அளவில் இருக்கும். சாமணத்தால் அழுத்திப் பிடித்தாலே உடையும். அடிப்படை அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகளிலும் அது வேலை செய்யும்: 90, 150 என்று ஏறலாம். இது பெரிய வசதி. ஏனெனில் எலக்ட்ரான்களால் வரும் தணிவு, அலைநீளம் எலக்ட்ரானின் மோதலிடைத் தூரத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 30இல் கண்ணுக்கே தெரியாதது 150இல் இருபத்தைந்து மடங்காகத் தெரியும்.

ஒட்டு

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். இந்த அளவீட்டின் வெற்றி தோல்வி விலையுயர்ந்த கருவியில் இல்லை, தகட்டுக்கும் மாதிரிக்கும் நடுவே இருக்கும் சில மைக்ரான் பசையில் இருக்கிறது.

முதலில் அறை வெப்பநிலையில் பழகுங்கள். நெட்டலைக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போதும். குறுக்கலைக்கு அது நடக்காது. குறுக்கலை பக்கவாட்டில் இழுக்கிறது, நீர்த்த திரவம் பக்கவாட்டு இழுப்பைக் கடத்தாது. கெட்டியான தேன் கடத்தும். தேக்கா சந்தையில் வாங்கிய ஒரு பாட்டில் தேனில் என் மாணவர்கள் இரண்டு ஆண்டுகள் குறுக்கலை பழகினார்கள். தண்ணீரில் கழுவினால் போய்விடும் என்பது அதன் இன்னொரு சிறப்பு. குளிர்விக்கும்போது மட்டும் தேனை நம்பாதீர்கள்.

குளிர்விப்புக்குச் சிலிக்கோன் வெற்றிட கிரீஸ், திரவ ரப்பர் வகைப் பிசின், அல்லது மெல்லிய எபாக்சி. எதுவானாலும் செய்முறை ஒன்றுதான். இரண்டு முகங்களையும் அசிட்டோனிலும் பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலிலும் கழுவி, தூசு போக வறண்ட நைட்ரஜனை ஊதுங்கள். ஊசி முனையில் எடுத்த சிறு புள்ளி பசையை நடுவில் வையுங்கள். தகட்டை மேலே வைத்து, மரக்குச்சி முனையால் லேசாக அழுத்திக்கொண்டே சுழற்றுங்கள். தொடக்கத்தில் தகடு வழுக்கும். பசை மெலிய மெலியத் தகடு பிடித்துக்கொள்ளத் தொடங்குவது விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, பத்து முறை செய்தால் கைக்கு வந்துவிடும். குறுக்கலைத் தகடு என்றால் சுழற்றி முடிக்கும்போது அதன் அதிர்வுத் திசைக் குறி, படிகத்தின் எந்த அச்சோடு ஒத்திருக்க வேண்டுமோ அதோடு நிற்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டு, ஒரு வாரம் அளந்த பிறகு திசை தவறு என்று கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு.

இங்கே நமக்கென்று ஒரு தொல்லை: ஈரப்பதம். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். குளிர்சாதன அறைக்குள்ளும் மழை நாளில் பரப்பின் மேல் நீர்ப்படலம் தங்கும். அதன் மேல் ஒட்டினால், குளிரும்போது அந்த நீர் உறைந்து பசையைத் தூக்கிவிடும். புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் டிரை கேபினட் இங்கே எல்லா இடத்திலும் கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாதிரிகளையும் தகடுகளையும் அதில் வையுங்கள். கழுவிய மாதிரியை விளக்கொளியில் வெதுவெதுப்பாக்கிய பிறகே ஒட்டுங்கள்.

ஒட்டு ஏன் உடைகிறது? தகடு, பசை, உலோகம் மூன்றும் குளிரில் வெவ்வேறு அளவு சுருங்குகின்றன. நல்ல செய்தி: திண்மங்களின் சுருக்கத்தில் பெரும்பகுதி 77 கெல்வினுக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. எனவே திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் பிழைத்த ஒட்டு பெரும்பாலும் ஹீலியத்திலும் பிழைக்கும். நான் எந்த ஒட்டையும் முதலில் நைட்ரஜன் ஆவியில் மெதுவாக இறக்கிச் சோதிக்காமல் பெரிய கருவிக்குள் விடுவதில்லை. நைட்ரஜனைக் கையாளும்போது இரண்டை மறக்காதீர்கள். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டர் அளவு வாயுவாகிறது, மூடிய அறையில் அது உயிர்வாயுவைத் தள்ளிவிடும். கொள்கலனை மின்தூக்கியில் அனுப்பினால் அதோடு ஆள் ஏறக்கூடாது. அடுத்த மாடியில் ஒருவர் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

மின்னணுப் பகுதி

அலையாக்கி ஒன்று 30 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தொடர்ந்து தருகிறது. ஒரு சுவிட்ச் அதிலிருந்து அரை மைக்ரோநொடித் துண்டுகளை வெட்டி எடுக்கிறது. அந்தத் துண்டு தகட்டுக்குப் போய் ஒலியாகி, மாதிரியின் மறுமுனையில் பட்டு, திரும்பி வந்து மின்னாகிறது. வரும் குறிகை மிகச் சிறியது, எனவே பெருக்கி. அனுப்பும் பெரிய துடிப்பு பெருக்கியைப் பொசுக்கிவிடாமல் இருக்க, நடுவே எதிரெதிராக இணைத்த டையோடு ஜோடிகள். டையோடு, இணைப்பான், கம்பி எல்லாம் ஜாலான் புசார் முனையில் உள்ள சிம் லிம் டவரில் கிடைக்கும். கணினி விற்கும் சிம் லிம் ஸ்கொயர் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

துடிப்பு ஏன் அரை மைக்ரோநொடி? கணக்கு எளிது. 5 மில்லிமீட்டர் மாதிரியில் ஒலி போய்வரும் தூரம் 10 மில்லிமீட்டர். நையோபியத்தின் கனசதுர அச்சு வழியே நெட்டலை வேகம் நொடிக்கு ஏறக்குறைய 5,360 மீட்டர். எனவே 1.87 மைக்ரோநொடிக்கு ஓர் எதிரொலி வரும். துடிப்பு அதைவிட நீளமானால் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மேசையில் ஒரு சோதனை

எதுவும் குளிர்விக்கும் முன் ஆசிலாஸ்கோப்பில் எதிரொலி வரிசையைப் பாருங்கள். படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் பத்துப் பதினைந்து எதிரொலிகள் தெரிந்தால் உங்கள் ஒட்டு நல்லது. ஒன்று பெரிது, அடுத்தது சிறிது, மீண்டும் பெரிது என்று அலைந்தால் முகங்கள் இணையாக இல்லை. முதல் எதிரொலியே நீளமாக இழுபட்டு வால் விட்டால் பசை தடிப்பு. ஒன்றுமே தெரியாவிட்டால் பெரும்பாலும் மின்கம்பி தகட்டின் தங்கப்பூச்சைத் தொடவில்லை.

வேகம் = 2 × நீளம் ÷ எதிரொலிகளின் இடைவெளி. 10 மில்லிமீட்டரை 1.866 மைக்ரோநொடியால் வகுத்தால் 5,359. அதன் வர்க்கத்தை 8,570ஆல் பெருக்கினால் 246 கிகாபாஸ்கல். நையோபியத்தின் சி11 என்ற மீட்சிக் குணகம் இதுவே. குறுக்கலைத் தகட்டை ஒட்டி அதே அச்சில் அளந்தால் வேகம் 1,830 மீட்டரும், சி44 குணகம் ஏறக்குறைய 29 கிகாபாஸ்கலும் வர வேண்டும். இந்த இரண்டு எண்களும் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கட்டத்தைப் பிடித்துக்கொள்ளுதல்

மீகடத்தி மாற்றத்தில் வேகம் மாறும் அளவு பத்து லட்சத்தில் சில பங்குதான், சில பொருள்களில் அதற்கும் கீழே. ஆசிலாஸ்கோப் திரையில் இடைவெளியை அளந்து இதைப் பார்க்க முடியாது. அதற்குப் பதில் எதிரொலியின் கட்டத்தை, அதாவது அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை, அலையாக்கியின் கட்டத்தோடு ஒப்பிடுகிறோம்.

நம் மாதிரியில் ஒரு போய்வரலுக்குள் 30 மெகாஹெர்ட்ஸ் அலையின் 56 சுழற்சிகள் அடங்கும். ஐந்தாவது எதிரொலிக்குள் 280 சுழற்சிகள். ஒரு சுழற்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும் கண்டுபிடிக்க முடிந்தால், வேகத்தில் 2,80,000இல் ஒரு பங்கு மாற்றம் தெரியும். ஆயிரக்கணக்கான துடிப்புகளைச் சராசரி எடுத்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கலாம். இரண்டு வழிகள் உண்டு. கட்டம் மாறாதபடி அதிர்வெண்ணைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே போய், அந்தத் திருத்தத்தைப் பதிவுசெய்வது பழைய வழி. எதிரொலியை அப்படியே எண்களாகப் பதிந்து கணினியில் கட்டத்தைப் பிரித்தெடுப்பது இன்றைய வழி. இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் பிறகு சந்தேகம் வந்தால் வேறோர் எதிரொலியை எடுத்துப் பார்க்கலாம். மூன்றாவதும் ஏழாவதும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் மாதிரியை அளக்கவில்லை, பசையை அளக்கிறீர்கள்.

குளிர்வித்தல்

அறை வெப்பநிலையிலிருந்து 77 கெல்வின் வரை நிமிடத்துக்கு ஒரு கெல்வின், அதற்கு மேல் வேகம் வேண்டாம். நாலு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் கீழே கோப்பிக்கடைக்குப் போய்வரலாம், ஆனால் எதிரொலியைத் தானாகப் பதியவிட்டுப் போங்கள். ஒட்டு எந்த வெப்பநிலையில் விரிசல் விட்டது என்று அந்தப் பதிவுதான் சொல்லும்.

வெப்பமானியை மாதிரிக்கு அருகிலேயே பொருத்துங்கள், குளிர்விக்கும் தட்டில் அல்ல. ஒவ்வொரு துடிப்பும் மாதிரியைக் கொஞ்சம் சூடாக்கும். நொடிக்கு ஆயிரம் துடிப்பு அனுப்பி அளந்த மாறுநிலையும் நூறு துடிப்பு அனுப்பி அளந்ததும் ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் துடிப்பைக் குறைக்க வேண்டும். மாறுநிலைக்கு இரு பக்கமும் ஒரு கெல்வின் தூரத்துக்கு நிமிடத்துக்கு 0.1 கெல்வின் வேகத்தில் ஏறியும் இறங்கியும் அளங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டும்.

பிறகு காந்தப்புலத்தை 1 டெஸ்லாவுக்கு ஏற்றுங்கள். தூய நையோபியத்தின் மீகடத்தல் அதில் தாங்காது. அதே வெப்பநிலை, அதே பசை, அதே கம்பி, மீகடத்தல் மட்டும் இல்லை. அதே இறக்கத்தை இப்போது மீண்டும் அளந்து, முதல் அளவீட்டிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் மீகடத்தலின் சொந்தக் குரல். இந்தப் படியை நேரமில்லை என்று விடுகிறவர்கள் பலர். விடாதீர்கள்.

வரைபடத்தை வாசித்தல்: தணிவு

மீகடத்தி நிலைத் தணிவைக் காந்தப்புலத்தில் அளந்த சாதாரண நிலைத் தணிவால் வகுத்து, வெப்பநிலைக்கு எதிரே வரையுங்கள். பி.சி.எஸ். சொல்லும் விகிதத்தில் இருப்பது ஒரே ஓர் அளவு: ஜோடியின் ஆற்றல் இடைவெளிக்கும் (அதைப் பிரிக்கத் தேவையான ஆற்றலைத் தீர்மானிப்பது) வெப்ப ஆற்றலுக்கும் உள்ள உறவு. மாறுநிலையில் விகிதம் 1, அதன் பாதி வெப்பநிலையில் ஏறக்குறைய 0.07. அதாவது 4.6 கெல்வினில் எலக்ட்ரான்களின் தணிவில் 93 விழுக்காடு போய்விடும். நையோபியத்தில் சரிவு இதைவிடக் கொஞ்சம் செங்குத்தாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அதன் ஆற்றல் இடைவெளி பி.சி.எஸ். எண்ணைவிடச் சற்றுப் பெரியது.

சில மீகடத்திகளில் ஆற்றல் இடைவெளி சில திசைகளில் சுழியாகிவிடும். அங்கே மிகக் குளிரிலும் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் மிஞ்சும், தணிவு அடுக்குக்குறி வேகத்தில் விழாமல் மெதுவாக இழுத்துக்கொண்டே போகும். யுரேனியம் பிளாட்டினம் சேர்மத்தில் 1986இல் குறுக்கலையின் அதிர்வுத் திசையை மாற்றியபோது தணிவின் போக்கே மாறியது. ஒரே படிகம், ஒரே வழி, அதிர்வுத் திசை மட்டும் வேறு. மின்தடையால் இதைக் கேட்டிருக்கவே முடியாது.

வரைபடத்தை வாசித்தல்: வேகத்தின் படி

மாறுநிலையில் நெட்டலை வேகத்தில் ஒரு சின்னப் படி இறங்கும். வெப்ப ஏற்புத்திறனில் வரும் தாவலும், நசுக்கும்போது மாறுநிலை எவ்வளவு நகர்கிறது என்பதும் சேர்ந்து அந்தப் படியின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. நெட்டலை கன அளவையே மாற்றுவதால் எல்லா மீகடத்தியிலும் இந்தப் படி இருக்கும்.

குறுக்கலையில்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. வாசலில் ஒரு சதுரப் புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு மூலைவிட்டத்தின் வழியே கொஞ்சம் இழுக்கிறோம், சதுரம் சாய்சதுரமாகிறது. இப்போது மற்ற மூலைவிட்டத்தின் வழியே அதே அளவு இழுக்கிறோம். கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. எனவே மாறுநிலை இரண்டிலும் ஒரே அளவுதான் மாற முடியும். முதல் இழுப்பை நேர் என்றும் இரண்டாவதை எதிர் என்றும் எடுத்துக்கொண்டால், நேருக்கும் எதிருக்கும் ஒரே பதில் தரும் கோடு நடுவில் தட்டையாகத்தான் இருந்தாக வேண்டும். தட்டை என்றால் சிறு இழுப்புக்கு மாறுநிலை நகராது, நகராவிட்டால் குறுக்கலை வேகத்தில் படி வராது.

இந்த வாதம் ஒரே நிபந்தனையில் உடையும்: ஜோடிகளின் நிலையை விவரிக்க ஓர் எண் போதாமல் இரண்டு தேவைப்பட்டால். அப்போது ஒரு மூலைவிட்ட இழுப்பு ஒன்றையும், மற்றது இன்னொன்றையும் தூக்கிவிடலாம், படி வந்துவிடும். ஆக, குறுக்கலையில் படி இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வி, கோட்பாட்டாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களின் பட்டியலில் பாதியை வெட்டிவிடும். இந்த முறையின் மேல் எனக்கு உள்ள பற்றுக்கு இதுவே காரணம்.

ஸ்ட்ரான்ஷியம் ருத்தேனேட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1994இல் அதில் மீகடத்தல் கண்டறியப்பட்டது, மாறுநிலை 1.5 கெல்வின். அதன் ஜோடிகளின் நிலை பற்றிய கால் நூற்றாண்டுச் சண்டைக்குப் பிறகு 2021இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒலியால் அளந்து, சி66 என்ற குறுக்குக் குணகத்தில் படி இருப்பதை வெளியிட்டன. ஒரு குழு எதிரொலி முறை, மற்றது ஒத்ததிர்வு முறை. சண்டை அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. இரண்டு முறைகளும் தந்த படியின் உயரம் பெரிதும் வேறுபட்டது, படிகத்தை நேரடியாக அழுத்திச் செய்த அளவீடுகளும் இரட்டை எண் கதையோடு எளிதில் பொருந்தவில்லை. யுரேனியம் டெல்லுரைடில் நிலைமை தலைகீழ்: குறுக்கலைகளில் படி இல்லை என்று 2024இல் வெளியான எதிரொலி அளவீடு காட்டியது, ஓர் எண்ணே போதும் என்ற பக்கம் தராசு சாய்ந்தது. படி இல்லை என்பதும் முடிவுதான். ஆனால் அதைச் சொல்ல உங்கள் கருவி எவ்வளவு சிறிய படியைப் பார்க்கும் என்று முன்பே காட்டியிருக்க வேண்டும்.

படிகம் மிகச் சிறியதாக இருந்தால்

தகடு ஒட்ட இடமில்லாத ஒரு மில்லிமீட்டர் படிகத்துக்கு ஒத்ததிர்வு முறை இருக்கிறது. 1990களில் லாஸ் அலமோஸில் மிக்லியோரியும் அவரோடு இருந்தவர்களும் இதை வளர்த்தெடுத்தார்கள். செங்கல் வடிவில் தேய்த்த படிகத்தை எதிர்மூலைகள் மட்டும் தொடும்படி இரண்டு டிரான்ஸ்டியூசர்களுக்கு நடுவே நிறுத்தி, அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் அது எங்கெங்கே ஒலிக்கிறது என்று பதிவாகும். மண்பானையைத் தட்டுவதற்கு மிக நெருங்கிய முறை இதுதான், பசையே வேண்டாம். சில பத்து ஒத்ததிர்வுகளிலிருந்து எல்லா மீட்சிக் குணகங்களையும் ஒரே ஓட்டத்தில் கணினி பிரித்துத் தரும். மூலை சிதைந்திருந்தாலோ படிகத்துக்குள் விரிசல் இருந்தாலோ கணக்கு ஒத்துவராது. 

மென்படலங்களுக்கு இரண்டு முறையும் உதவாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரியான்டோவின் குழு 2025இல் சாதாரண அழுத்தத்திலேயே 40 கெல்வினை நெருங்கும் மாறுநிலை கொண்ட நிக்கலேட்டை (நிக்கல் ஆக்சைடு வகை மீகடத்தி) அறிவித்தது. நம் ஊரில் நடந்த வேலை என்பதால் மாணவர்கள் உடனே, 'அதை ஒலியால் அளக்கலாமா?' என்று கேட்கிறார்கள். அது சில நானோமீட்டர் படலம். அதன் குறுக்கே எதிரொலி அனுப்பினால் கேட்பது அடியில் உள்ள தாங்குபடிகத்தின் குரல்தான். அதற்குப் பரப்பலை வேண்டும்: லித்தியம் நையோபேட் பரப்பில் சீப்பு வடிவ மின்முனைகளால் அலையைக் கிளப்பி, அது பரப்பின் மேலேயே ஓடும்போது படலம் அதை எப்படித் தொடுகிறது என்று பார்ப்பது. அது தனி வேலை, தனியே எழுத வேண்டியது.

முடித்து வெளியே எடுக்கும்போது

அளவீடு முடிந்த மகிழ்ச்சியில் கருவியை 200 கெல்வினிலேயே திறந்துவிடாதீர்கள். நம் ஊர்க் காற்று பட்ட நொடியில் மாதிரியின் மேல் பனி படியும், அது உருகி மின்முனை வரை ஓடும். இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு போன்றவை நீரோடு வினைபுரிந்து கெட்டும் போகும். வெப்பமானி 300 காட்டிய பிறகு இன்னும் அரை மணி நேரம் பொறுங்கள், வறண்ட நைட்ரஜனை உள்ளே விட்டுத் திறங்கள்.

கிரீஸ் ஒட்டாக இருந்தால் மாதிரியை மூடிய கண்ணாடிப் புட்டியில் டொலுவீனில் ஊறவைத்து, வாயு வெளியேற்றும் பெட்டிக்குள் ஓர் இரவு விடுங்கள். எபாக்சி என்றால் அதற்குரிய கரைப்பானும் இன்னும் சில நாள்களும் தேவை. பிளேடால் நெம்பாதீர்கள். காலையில் புட்டியை லேசாக ஆட்டினால் தகடு தானாகக் கழன்று அடியில் கிடக்கும். கழுவி, காயவைத்து, எந்த வெட்டு, எந்த அதிர்வெண், குறி எந்தப் பக்கம் என்று சீட்டில் எழுதி, டிரை கேபினட்டில் வையுங்கள். அடுத்த மாதிரிக்கு அதே தகடு போதும்.